ஆறுமுகத்தாயின் படை

வாசலுக்குச் சாணி தெளிப்பதற்கு முன்பே ஆறுமுகத்தாய் சன்னலைத் திறந்து சிப்பாய்களைத் திருப்பி வைத்துவிடுகிறாள். நேற்றுவரை கிழக்கே பார்த்து நின்றவர்கள் இன்று வடக்கே பார்க்கிறார்கள். வடக்கே இருப்பது பாண்டியம்மாள் வீடு. நேற்றுக் குழாயடியில் வரிசையைத் தாண்டிக் குடத்தை நுழைத்தவள் இந்தப் பாண்டியம்மாள்தான். முழங்காலிட்டுச் சுடுகிறவர்கள் முன்னால், நின்று சுடுகிறவர்கள் பின்னால், படுத்துச் சுடுகிறவர்கள் சன்னல் கட்டையின் ஓரத்தில். எல்லாத் துப்பாக்கியும் பாண்டியம்மாளின் வாசற்படியைக் குறிபார்த்த பிறகுதான் அவள் சாணி கரைக்கப் போகிறாள்.

நாகலாபுரத்துக்குக் கிழக்கே, பருத்தியும் மிளகாயும் விளைகிற கரிசல் ஊர் அது. காலையில் காட்டுக்குப் போகிறவர்கள் மேகம் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கிறார்களோ இல்லையோ, அந்தச் சன்னலை ஒரு பார்வை பார்த்துவிடுவார்கள். துப்பாக்கி தன் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தால் சிலர் சண்டைக்கு வருவார்கள். விவரம் தெரிந்தவர்கள் ஒரு செம்பு மோரோ ஒரு கை கருவேப்பிலையோ கொண்டுவந்து பேச்சுக் கொடுப்பார்கள். பாண்டியம்மாள் இரண்டாவது ரகம். மத்தியானமே வந்துவிட்டாள்.

"யக்கா, நாளைக்கு நீங்களே மொதக் கொடம் புடிங்க. ஒங்க ஆளுகள அங்கிட்டுத் திருப்புங்க. தொண்டையில சோறு எறங்க மாட்டேங்குது."

"சோறு எறங்கலேன்னா தண்ணி குடி. நேத்து நீதான நெறையப் புடிச்ச?"

அப்படிச் சொல்லிவிட்டாலும் சாயங்காலம் படை திரும்பிவிட்டது. அவளுடைய கோபம் ஒரு பகல் தாங்கினால் அதிகம். ஒரே ஒருவர் மேல் உள்ள கோபம் மட்டும் முப்பத்தேழு வருடமாகத் தீரவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

ஆறுமுகத்தாய்க்கு வயது நாற்பத்தாறு. நல்ல உயரம். களத்துமேட்டில் நின்று கூப்பிட்டால் கண்மாய்க் கரையில் மாடு தலை தூக்கும். புருஷன் பெயர் உக்கிரபாண்டி. பெயரில் இருக்கிற உக்கிரம் ஆளிடம் மருந்துக்குக்கூடக் கிடையாது. பதினோரு ஏக்கர் மானாவாரி நிலமும் ஒரு ஜோடி மாடும் உள்ள மனிதர், எதற்கும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். விதைப்பு என்றைக்கு, களைக்கு எத்தனை ஆள், மிளகாய் வத்தலை எப்போது விலைக்குப் போடுவது எல்லாம் இவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். பிள்ளை இல்லை. ஊருக்கு இவளைப் பற்றித் தெரிந்த முதல் செய்தியே அதுதான். சிப்பாய்கள் இரண்டாவது செய்தி. இரண்டையும் ஊர் ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தது.

படையில் நாற்பது பேர். பாதிக்கு மேல் பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்கள், கோவில்பட்டிக் கடைகளில் பாக்கெட்டுக்கு ஆறு பேராக வாங்கியது. நூலை இழுத்தால் ஒருவன் கழுத்தை ஒருவன் பிடிக்கிற மரப் பயில்வான்கள் இருவர். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பார்க்கப் போன இடத்தில் வாங்கிய மண்வீரன் ஒருவன். அவன் வாள் பிடித்த கை கம்பியில் கோர்த்தது, மேலும் கீழும் ஆடும். அவன் மீசை இரண்டு மழைக்காலத்தில் மங்கிப்போக, இவளே கண்மை எடுத்துத் தீட்டிவிட்டிருக்கிறாள். ரப்பர் சிப்பாய் ஒருவனைக் கயத்தாற்றில் பிடித்தாள். பஸ் நின்ற இடத்தில் பக்கத்து லாரியின் கண்ணாடிக்குப் பின்னால் அவன் சல்யூட் அடித்துக்கொண்டு நின்றான். டிரைவர் வடக்கத்தி ஆள், இவள் பேச்சு அவனுக்குப் புரியவில்லை. மடியில் இருந்த வத்தல் பொட்டலத்தைக் காட்டினாள், சிப்பாயைக் காட்டினாள். அவன் ஒரு வத்தலைக் கடித்துப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, சிப்பாயைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டான். அதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் நின்றாள், சிப்பாயோடு.

விசேஷ வீடுகளில் யாராவது ஒருத்தி பெருமூச்சு விடுவாள். "பாவம், பிள்ளை இல்லாத ஏக்கம். பொம்மைய வச்சு மனச ஆத்திக்கிடுதா." இந்தப் பேச்சு காதில் விழுந்தால் போதும், ஆறுமுகத்தாய் பந்தியில் இருந்தாலும் எழுந்துவிடுவாள்.

"ஏட்டி, இங்கன பாரு. பிள்ளை ஏக்கமா இருந்தா நான் பிள்ளைப் பொம்மையில்லா வாங்கியிருப்பேன்? எங்கிட்ட இருக்குற நாப்பதுல ஒண்ணாச்சும் தவந்துட்டுக் கெடக்கா? ஒண்ணாச்சும் பால் பாட்டில் வச்சிருக்கா? அம்புட்டுப் பேரும் மீசை வச்ச ஆம்பளைக. கையில துப்பாக்கி. எனக்குப் புடிச்சிருக்கு, வாங்குதேன். நீ மூக்குத்தி வாங்குதியே, மூக்குக்கு ஏக்கம்னா சொல்லுதேன்?"

சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அடுத்த விசேஷத்தில் அதே பெருமூச்சு வேறொருத்தி வாயிலிருந்து வரும். இவளும் சலிக்காமல் எழுந்திருப்பாள்.

உண்மையில் இதற்கெல்லாம் ஆரம்பம் அவளுடைய ஒன்பது வயதில் இருக்கிறது. எல்லைச் சண்டை முடிந்த வருடம், கோவில்பட்டிப் பங்குனித் திருவிழாவுக்கு அவளுடைய அய்யா பிள்ளைகளைக் கூட்டிப் போனார். அண்ணன் தவசிக்கு ஈயத்தில் வார்த்த சிப்பாய் ஒன்று வாங்கிக் கொடுத்தார். சிவப்புச் சட்டை, தோளில் துப்பாக்கி. இவளுக்குச் செப்புச் சாமான், அதாவது குட்டி அடுப்பு, குட்டிப் பானை, குட்டி அம்மி. "எனக்கும் சிப்பாய்" என்று தெருவில் புரண்டாள். "பொட்டப்பிள்ளைக்குச் சிப்பாய் எதுக்கு? சோறு பொங்கி வெளையாடு" என்றார் அய்யா. அண்ணன் தூங்கிய பிறகு அவன் தலைமாட்டிலிருந்து சிப்பாயை எடுத்து, அடுப்பையும் பானையையும் கோட்டையாக அடுக்கி, நடுவில் அவனை நிறுத்தி விளையாடினாள். விடிவதற்குள் திரும்ப வைத்துவிடுவாள். ஒரு மாதம்தான். கண்மாயில் மீன் பிடிக்கத் தூண்டிலுக்குக் குண்டு வேண்டுமென்று தவசி அந்தச் சிப்பாயை இரும்புக் கரண்டியில் போட்டு உருக்கிவிட்டான்.

முப்பத்தேழு வருடக் கோபம் இதுதான். தவசி கல்யாணம் முடித்து, பேரன் பார்த்து, நாலு வருடத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். ஆறுமுகத்தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். கூடப் பிறந்தவனுக்காக அவ்வளவு உண்மையாக அழுத தங்கச்சியை அந்த ஊர் பார்த்ததில்லை. ஆனால் ஒப்பாரியின் நடுவில், "குண்டு வேணும்னு எஞ் சிப்பாயை உருக்குனியே அண்ணே" என்று ஒரு வரியையும் சேர்த்துத்தான் அழுதாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அழுகையை நிறுத்தி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

இப்போது வருடம் தவறாமல் பங்குனித் திருவிழாவுக்குத் தனியாகப் போகிறாள். சாமி கும்பிடுவது அரை மணி நேரம், பொம்மைக் கடைகளில் அரை நாள். அப்படி ஒரு வருடம் அகப்பட்டவன்தான் கோணையன். தகரச் சிப்பாய், ஒரு சாண் உயரம், முதுகில் சாவி. சாவி கொடுத்தால் டக் டக்கென்று நடப்பான். ஆனால் இடது கால் ஒரு நெல் அளவு கட்டை. நேரே பார்த்து விட்டால் நாலு எட்டு நேராகப் போவான், பிறகு இடது பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, அரைவட்டம் அடித்து, விட்டவரிடமே வந்து நிற்பான். கடைக்காரர் நல்ல மனிதர். "இது கோட்டமா இருக்கும்மா, வேற தாரேன்" என்றார். "வேண்டாம், இவனையே குடுங்க. போற வழி போயிட்டு வீட்டுக்கு வந்து சேருத ஆளு" என்று வாங்கி வந்துவிட்டாள். அவனை மட்டும் யார் வீட்டையும் பார்த்துச் சன்னலில் நிறுத்துவதில்லை. ராத்திரிச் சாப்பாடு ஆனதும் உக்கிரபாண்டி ஒரு தடவை சாவி கொடுத்து விடுவார். அவன் ஒரு சுற்றுச் சுற்றி அவர் காலடிக்கு வந்து நின்றதும் படுக்கப் போவார். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரிக்கிற நேரம் அது ஒன்றுதான்.

போன மாசியில்தான் வினை வந்தது. எதிர்வீடு கொழுந்தன் சங்கரபாண்டியின் வீடு. அவன் பெண்டாட்டி, அதாவது ஆறுமுகத்தாயின் ஓரகத்தி, வேலுத்தாய். அவளுடைய மூத்த மகளைப் பெண் பார்க்க விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அந்தப் பிள்ளை பிறந்து நாற்பது நாளும் காலில் போட்டுக் குளிப்பாட்டியவள் ஆறுமுகத்தாய். அன்று விடியற்காலமே எழுந்து பிச்சிப்பூ கட்டி, வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். வேலுத்தாய் வாசலிலேயே பூவை வாங்கிக்கொண்டாள்.

"யக்கா, தப்பா நெனைச்சுக்கிடாதீங்க. அவிய வந்துட்டுப் போற வரைக்கும் நீங்க இந்தப் பக்கம் வர வேண்டாம். நல்ல காரியம் பாருங்க."

ஆறுமுகத்தாய் திரும்பி வந்து அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றாள். அழவே இல்லை என்கிறாள். நாம் அதை நம்ப வேண்டியதில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு சன்னலைத் திறந்தாள். அதுவரை பாதிப் படைதான் ஒரு வீட்டுக்கு என்று கணக்கு. அன்று பயில்வான்கள், ரப்பர் சிப்பாய், மண்வீரன், கோணையன்வரை நாற்பது பேரும் சன்னலுக்கு வந்தார்கள். நாற்பது பேரும் வேலுத்தாய் வீட்டு நடையைப் பார்த்து நின்றார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கூட வந்த பெரியவர் கேசரியை வாயில் போடப் போனவர் எதிரே பார்த்துவிட்டு, "இது என்ன, நம்மளச் சுடுததுக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். போகும்போது, "சொல்லி அனுப்புதோம்" என்றார்கள். அனுப்பவில்லை. நகை பற்றவில்லையோ, வேறு இடம் தோதாக அமைந்ததோ, யார் கண்டது? பழி சிப்பாய்கள் தலையில் விழுந்தது.

வேலுத்தாய் கோடாங்கியிடம் குறி கேட்கப் போனாள். அவர் உடுக்கை அடித்து ஒரு பாட்டம் ஆடிவிட்டுச் சொன்னார்: "ஆயுதம் ஏந்துன உருவெல்லாம் அய்யனாரோட காவப்படை. மனுச வீட்டுல நிறுத்தி வச்சிருக்காக. அதுக இருக்குத வரை அந்த வீட்டுல தொட்டில் கட்டாது, எதுத்த வீட்டுல தாலி ஏறாது. கொண்டுபோயி அய்யன் காலடியில சேத்துருங்க." சங்கரபாண்டியும் வேலுத்தாயும் இதை உக்கிரபாண்டி காதில் பத்து நாள் ஓதினார்கள். அவர் முதலில் ஆகாது என்று தலையாட்டினார். பிறகு வழக்கம்போல ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டார்.

பங்குனித் திருவிழாவுக்குப் போன ஆறுமுகத்தாய், குதிரை மேல் உட்கார்ந்த வீரன் ஒருவனைப் பைக்குள் வைத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். சன்னல் காலியாக இருந்தது. கட்டையில் படிந்த தூசியில் கால்கள் நின்ற தடம் மட்டும் வரிசை வரிசையாகத் தெரிந்தது.

"எங்கன?" என்றாள்.

உக்கிரபாண்டி விரலால் தென்திசையைக் காட்டினார். "அய்யனாருக்கு... கோடாங்கி சொன்னாராம். தொட்டில் கட்டணும்னா..."

"நாப்பத்தாறு வயசுல எனக்கு எதுக்குத் தொட்டிலு? நானா ஏறிப் படுக்கணுமா? வண்டியப் பூட்டுங்க."

"சாமிக்கு வச்சதப் போயி..."

"நான் வைக்கல. கொண்டுபோன கைதான் திரும்பக் கொண்டாரணும். பூட்டுங்க."

அய்யனார் கோவிலுக்குப் போன பொருள் திரும்பி வந்ததாக அந்த ஊரில் பேச்சே கிடையாது. நேர்ந்து விட்ட சேவல் தப்பி வீட்டுக்கு ஓடிவந்தாலும் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஒருவர் மறதியாகத் தொங்கவிட்டு வந்த குடை துணியெல்லாம் மக்கி வெறும் கம்பியாக இன்னும் அங்கேயே தொங்குகிறது. உடையவர் மழையில் நனைந்துகொண்டு அதைத் தாண்டிப் போவாரே தவிர, தொட மாட்டார். எனவே ஓலைக் கடகத்தோடு ஆறுமுகத்தாய் வண்டியில் உட்கார்ந்து போவதைப் பார்த்ததும் தெருவே பின்னால் நடந்தது. வேலுத்தாயும் வந்தாள்.

வேப்பமரத்தடியில் திறந்த வெளிக் கோவில். இரண்டு பெரிய குதிரைகள். அருவாளும் மீசையுமாக ஆளுயரக் காவல்காரர்கள். நடுவில் அய்யனார். அவருக்கு முன்னால் எண்ணெய் ஊறி வழவழத்த கல்மேடை, அதன் மேல் நாற்பது பேர், நெற்றியில் ஆளுக்கொரு குங்குமப் பொட்டு. ஆறுமுகத்தாய்க்கு முதலில் கண்ணில் பட்டது பொட்டு இல்லை.

"படுத்துச் சுடுதவன மல்லாக்கப் போட்டுருக்கீங்களே பூசாரி! வானத்தையா சுடுவான்?"

பூசாரி கருத்தையாவுக்கு அறுபது வயது. சண்டையே பிடிக்காத மனிதர். "தாயி, வச்சத எடுக்கக் கூடாது. கண்ணு அவிஞ்சு போகும்னு எங்க பாட்டன் காலத்துலருந்து சொல்லுதாக" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"வச்சது யாரு?"

"உக்கிரபாண்டி அண்ணாச்சி."

"பொருளு யாருது?"

பூசாரி வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உக்கிரபாண்டி மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எம் பொருள எனக்குத் தெரியாம எடுத்துக் குடுத்தா அது காணிக்கையா? அய்யனாரு என்ன திருட்டுச் சாமான் வாங்குத ஆளா? ஊர்க் காவக்காரரு பூசாரி அவரு. அவர இப்படிக் கேவலப்படுத்தலாமா?"

சொல்லிவிட்டு அவள் அய்யனாரைப் பார்த்துத் திரும்பினாள். குரல் அப்போதுதான் கொஞ்சம் உடைந்தது. ஆனால் நிற்கவில்லை.

"அய்யா, ஒமக்கு ரெண்டு குதிரை இருக்கு. அருவாளும் மீசையுமா ஆளுயரத்துக்கு இம்புட்டுப் பேரு நிக்காக. வருசா வருசம் கூடிக்கிட்டே இருக்காக. ஒமக்கு என்ன ஏக்கம்னு யாராச்சும் கேட்டாகளா? நீரும் சேக்குதீரு, நானும் சேக்குதேன். எங்கிட்ட இருக்கது எல்லாம் சாண் ஒசரமும் விரக்கடை ஒசரமுந்தான். அது எனக்கு இருந்துட்டுப் போகட்டும்."

ஆறுமுகத்தாய் குனிந்து, முதல் சிப்பாயை எடுத்தாள். முந்தானையால் பொட்டைத் துடைத்துக் கடகத்தில் போட்டாள். இரண்டாவது. மூன்றாவது. கண் அவிகிறதா என்று ஊரே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவிவதாகக் காணோம். வேலுத்தாய்தான் பொறுக்க முடியாமல் முன்னால் வந்தாள்.

"யக்கா, எம் மவ வாழ்க்கை யக்கா!"

"ஒம் மவளுக்கு நல்ல மாப்பிள்ள வருவான்ட்டி. நான் குளிப்பாட்டுன பிள்ளை. அவிய வாரன்னைக்கு நான் மொத ஆளா வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்புடுவேன். நீ மறைச்சாலும் நிப்பேன்."

வேலுத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். மேடையில் கடைசியாகக் கோணையன் மட்டும் மிச்சம். அவனை எடுக்கக் கை நீட்டியபோது கருத்தையா அழாத குறையாகக் குறுக்கே வந்தார். "தாயி, அம்புட்டையும் எடுத்துட்டியே. நாளைக்கு ஊருக்கு ஒண்ணுன்னா எல்லாரும் என்னையத்தான கேப்பாக? இந்த ஒண்ணையாச்சும் அய்யாவுக்கு விட்டுட்டுப் போ."

ஆறுமுகத்தாய் அவரைப் பார்த்தாள். கோணையனைப் பார்த்தாள்.

"சரி பூசாரி. நீங்க வயசாளி, கேட்டுட்டீக. இவன அய்யாகிட்டயே அனுப்புதேன். அய்யா கூப்பிட்டா போகட்டும். நான் தடுக்க மாட்டேன், நீங்களும் தடுக்கக் கூடாது."

பூசாரி சந்தோஷமாகச் சம்மதித்தார். மாட்டுக்குப் பக்கத்தில் நின்ற உக்கிரபாண்டி மட்டும் சட்டென்று தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

அவள் சாவியை முழுக்க முறுக்கினாள். மேடையின் இந்த ஓரத்தில், அய்யனாரின் முகத்துக்கு நேராக, கோணையனை நிறுத்திக் கையை எடுத்தாள். டக் டக்கென்று அவன் நிமிர்ந்து நடந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எட்டு. கருத்தையா கண்ணை மூடிக் கைகூப்பினார். ஐந்தாவது எட்டில் அவன் இடது தோள் லேசாகச் சாய்ந்தது. ஆறுமுகத்தாய் முந்தானையை விரித்து, கல்மேடையின் விளிம்பில் ஏந்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.